மெல்லதிர்வுப் பலகை எலும்பை வலுப்படுத்துமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முதியோருக்கு நடையும் சமநிலையும் பயிற்றுவிக்கும் இயன்மருத்துவர். சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரங்களில் உள்ள முதியோர் நிலையங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்களை வாரந்தோறும் சந்திக்கிறேன். ஏறி நின்றால் மெல்ல அதிரும் பலகை எலும்பைக் கெட்டிப்படுத்துமாமே, மாத்திரை சாப்பிடாமலே எலும்புப்புரையைத் தடுக்கலாமாமே என்று கேட்காத வகுப்பு அண்மைக் காலத்தில் இல்லை. அங்கு வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

எலும்புப்புரை என்பது என்ன? மூட்டுத் தேய்மானமும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. நம்மவர்கள் இரண்டையுமே "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று சொல்வதால் குழப்பம் வருகிறது. மூட்டுத் தேய்மானத்தில் கெடுவது மூட்டின் குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்புப்புரையில் எலும்பின் உள்ளிருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, இடைவெளிகள் பெரிதாகின்றன. எலும்பு முறியும்வரை பெரும்பாலும் வலியே இருக்காது. குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறிந்த பிறகுதான் பலருக்கு நோய் இருப்பது தெரியவருகிறது. உயரம் குறைவதும் முதுகு கூன்விழுவதும் முதுகெலும்பு ஓசையின்றி நொறுங்கியதன் அடையாளமாக இருக்கலாம்.

அதிர்வுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

எலும்பு உயிருள்ள திசு. ஒரு புறம் பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் மறுபுறம் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எங்கே கட்டுவது, எங்கே கரைப்பது என்பதை எலும்பின் மேல் விழும் சுமை பெரிதும் தீர்மானிக்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதிய நூலின் மையக் கருத்து இதுவே. டென்னிஸ் ஆட்டக்காரரின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மற்றக் கையெலும்பைவிடப் பருத்திருப்பதும், எடையற்ற விண்வெளியில் தங்கும் வீரர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழப்பதும் இந்த விதியின் இரு முகங்கள்.

சுமை என்றதும் பளு தூக்குவதும் குதிப்பதும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நாம் அசையாமல் நிற்கும்போதுகூடக் கால் தசைகள் நம்மை நிமிர்த்தி வைப்பதற்காக விநாடிக்கு 20 முதல் 50 முறை வரை மிக நுண்ணியதாகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துடிப்புகள் எலும்பை ஓயாமல் தட்டிக்கொடுக்கின்றன. வயதாக ஆகத் தசை நலிந்து, தட்டலும் ஓய்ந்துபோகிறது. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளின்டன் ரூபினும் அவருடைய குழுவினரும் இதிலிருந்துதான் தொடங்கினார்கள். தசை கொடுக்கத் தவறிய அந்தச் சிறு தட்டலைப் பாதத்தின் வழியே வெளியிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதே அவர்களுடைய கேள்வி. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் என்னும் செல்கள் இந்த அசைவை உணர்கின்றன என்பதும், எலும்பாகவோ கொழுப்பாகவோ மாறக்கூடிய மஜ்ஜையின் மூலச்செல்கள் இத்தகைய அதிர்வால் எலும்பின் பக்கம் சாய்கின்றன என்பதும் விலங்குகளிடம் காணப்பட்டுள்ளன.

ஆகவே, இது ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அடிப்படையில் நல்ல அறிவியல் இருக்கிறது. அந்த அறிவியல் உங்கள் வீட்டுப் பாட்டியின் இடுப்பெலும்புவரை வந்து சேர்ந்துவிட்டதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

"மெல்லதிர்வு" என்றால் எவ்வளவு மெல்லியது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அதிர்வை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது ஒன்று. அதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். எவ்வளவு வேகமாகத் தூக்கிப்போடுகிறது என்பது மற்றொன்று. அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தோடு ஒப்பிட்டு "ஜி" என்ற அளவில் சொல்வார்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தப்பட்ட மெல்லதிர்வு 30 முதல் 90 ஹெர்ட்ஸ், 0.2 முதல் 0.3 ஜி. கணக்குப் போட்டுப் பார்த்தால், 30 ஹெர்ட்ஸில் 0.3 ஜி என்பதற்குப் பலகை நடுநிலையிலிருந்து மேலும் கீழும் ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் மட்டுமே நகர வேண்டும். அது ஒரு தலைமுடியின் தடிமன். அத்தகைய பலகையில் நிற்பவருக்குப் பாதத்தில் லேசான ரீங்காரம் தெரியும். பார்வை கலங்காது, பல் கிட்டாது, பேச்சு நடுங்காது.

உடல் இளைப்பதற்காக விற்கப்படும் பல இயந்திரங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அதே 30 ஹெர்ட்ஸில் பலகை நடுநிலையிலிருந்து 2 மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் முடுக்கம் ஏறத்தாழ 7 ஜி ஆகிவிடும், அதாவது ஆய்வில் பயன்பட்டதைப் போல இருபது மடங்குக்கும் மேல். இரண்டையும் "அதிர்வுச் சிகிச்சை" என்ற ஒரே பெயரில் அழைப்பது, கைவிரலால் தட்டுவதையும் சுத்தியலால் அடிப்பதையும் ஒன்றாகச் சொல்வதற்குச் சமம். கனரக வாகனங்களையும் மண்தோண்டி இயந்திரங்களையும் பல்லாண்டு ஓட்டுவோருக்கு முதுகுவலி அதிகம் என்பதால்தான் உடல் முழுவதும் தாங்கும் அதிர்வை மதிப்பிடுவதற்கு ஐஎஸ்ஓ 2631 என்ற அனைத்துலகத் தரநிலையே உண்டு.

ஆய்வுகளில் நல்ல பலன் கிடைத்தது என்கிறார்களே?

கிடைத்தது உண்மை. யாரிடம் கிடைத்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ரூபின் குழுவினர் 2001ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த செம்மறியாடுகளின் பின்னங்கால்களை 30 ஹெர்ட்ஸ், 0.3 ஜி அதிர்வில் நாளுக்கு 20 நிமிடம் வீதம் ஓராண்டு நிற்கவைத்தார்கள். தொடையெலும்பின் மேற்பகுதியிலுள்ள வலைப்பின்னல் எலும்பின் அடர்த்தி 34 விழுக்காடு கூடியிருந்தது. விளம்பரங்களில் நீங்கள் காணும் "34 விழுக்காடு" பெரும்பாலும் அந்த ஆடுகளுடையது. 2004இல், உடற்குறையுள்ள பிள்ளைகளிடம் ஆறு மாதம் நடத்திய சிறிய ஆய்வில், அதிரும் பலகையில் நின்றவர்களின் கீழ்க்கால் எலும்பு அடர்த்தி சுமார் 6 விழுக்காடு கூடியது; அதிராத பலகையில் நின்றவர்களுக்குச் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. 2006இல், எலும்பு அடர்த்தி குறைந்து முன்பு முறிவும் ஏற்பட்டிருந்த 15 முதல் 20 வயதுப் பெண்களிடம் நடத்திய ஆய்வில் முதுகெலும்பில் 2 விழுக்காட்டளவில் முன்னேற்றம் காணப்பட்டது.

மாதவிடாய் நின்ற பெண்களிடமும் முதியோரிடமும் வந்தபோது கதை மாறியது. டொரான்டோவில் 202 பெண்கள் சேர்ந்த ஆய்வில் ஒரு பிரிவினர் 90 ஹெர்ட்ஸ் பலகையிலும் ஒரு பிரிவினர் 30 ஹெர்ட்ஸ் பலகையிலும் தினமும் 20 நிமிடம் ஓராண்டு நின்றார்கள். மூன்றாம் பிரிவினர் நிற்கவே இல்லை. எல்லாருக்கும் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுக்கப்பட்டன. 2011இல் வெளிவந்த முடிவின்படி மூன்று பிரிவினரின் எலும்பு அடர்த்தியிலும் வேறுபாடு இல்லை. பாஸ்டன் வட்டாரத்தில் சராசரியாக 82 வயதுடைய 174 பேர் ஈராண்டு பங்கேற்ற ஆய்வின் முடிவும் 2015இல் அவ்வாறே வந்தது.

ஏன் இப்படி? வயதானவரின் எலும்புச் செல்கள் இந்தச் சைகையை இளைய செல்களைப்போல் கேட்பதில்லை என்பது ஒரு விளக்கம். பாதத்திலிருந்து இடுப்புக்கு ஏறுவதற்குள் அதிர்வு தேய்ந்துவிடுகிறது என்பது இன்னொன்று. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு கரையும் வேகத்துக்கு இந்தச் சிறு தட்டல் ஈடுகொடுக்க முடிவதில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் முதியோருக்குப் பயனே இல்லையா?

எலும்பு அடர்த்தியை மட்டும் பார்த்தால் இதுவரை ஏமாற்றம்தான். ஆனால், எலும்பு முறிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் வேண்டும்: எலும்பு மெலிந்திருக்க வேண்டும், ஆள் விழ வேண்டும். ஹாங்காங்கில் 2014இல் வெளிவந்த ஆய்வு இரண்டாவதைத் தொட்டது. 710 மூத்த பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அதிர்வுப் பிரிவினர் 35 ஹெர்ட்ஸ், 0.3 ஜி பலகையில் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் வீதம் பதினெட்டு மாதம் நின்றார்கள். எலும்பு அடர்த்தியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆயினும், விழுந்தவர்கள் அல்லது முறிவு கண்டவர்கள் அதிர்வுப் பிரிவில் 18.6 விழுக்காடு, மற்றப் பிரிவில் 28.7 விழுக்காடு. தொடையின் முன்புறத் தசை வலுவும் சமநிலையும் மேம்பட்டிருந்தன.

இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்களும் நம்மைப் போலவே அடுக்குமாடிகளில் வாழும் ஆசிய முதியவர்கள். பலகையும் அவர்கள் கூடும் சமூக நிலையங்களிலேயே இருந்தது. தினமும் கிளம்பி வந்து, நாலு பேரோடு பேசிவிட்டு, நடந்து திரும்பியதற்கும் அதில் பங்கு இருக்கலாம்.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் அதிர்வுப் பட்டை வந்திருக்கிறதாமே?

ஆம். ஆஸ்டியோபூஸ்ட் என்ற பட்டைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் அனுமதி தந்தது. பாதத்திலிருந்து அதிர்வு ஏறிவரக் காத்திராமல், இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் அதை நேரடியாகக் கொடுப்பதே இதன் நோக்கம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், வாரம் மூன்று முறையாவது கட்டிக்கொண்டவர்களின் முதுகெலும்பு வலிமை சுமார் 0.5 விழுக்காடு குறைந்தது. போலிப் பட்டை கட்டியவர்களுக்குச் சுமார் 2.8 விழுக்காடு குறைந்தது.

இந்த அனுமதி எலும்பு அடர்த்தி ஓரளவு குறைந்திருக்கும் முன்நிலைக்கு மட்டுமே உரியது. முற்றிய எலும்புப்புரைக்கு அன்று. அதுவும் மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான். மேலும், அளக்கப்பட்டது ஸ்கேனில் கணக்கிட்ட வலிமை. முறிவு குறைந்ததா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை.

கடைத்தொகுதியில் விற்ற அதிர்வு இயந்திரத்தை அம்மாவுக்கு வாங்கித் தரலாமா?

யீஷூனில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். மகன் ஆசையாக வாங்கிக்கொடுத்த இயந்திரம் படுக்கையறை மூலையில் இருந்தது. அம்மாவை ஏற்றுவதற்கு முன், ஓர் எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிப் பலகையின் நடுவில் வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் போட்டேன். இரண்டு விநாடிக்குள் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தெறித்தது. டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. ஆய்வுக்கூடப் பலகையில் அதே டம்ளரை வைத்தால் நீரின் மேல் மெல்லிய வளையங்கள் மட்டும் எழும். அம்மாவுக்கு முதுகெலும்பில் ஏற்கெனவே ஒரு முறிவு இருந்தது. நல்ல வேளையாக அவர் பயந்துபோய் இரண்டு நாள்தான் ஏறியிருந்தார். விற்றவர் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

வாங்குவதற்கு முன் இரண்டு எண்களையும் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை ஜி. "99 வேகங்கள்" என்பது பதில் ஆகாது. நோயைத் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் என்று சொல்லி விற்கப்படும் சாதனம் சிங்கப்பூரில் மருத்துவச் சாதனமாகக் கருதப்படும். சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம்.

யார் அதிர்வுப் பலகையில் ஏறவே கூடாது?

கர்ப்பிணிகள், இதயமுடுக்கி பொருத்தியவர்கள், காலில் இரத்தக்கட்டு உள்ளவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள் அல்லது அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், விழித்திரை விலகல் உள்ளவர்கள், வலிப்பு நோயாளிகள், கடுமையான முதுகுத்தட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் ஏறக் கூடாது. செயற்கை மூட்டு வைத்தவர்களும் சிறுநீரகக் கல், பித்தக்கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதத்தில் உணர்வு இல்லாதவர் பலகையில் தடுமாறுவது எளிது.

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே போகிறேன், மசாஜ் நாற்காலியும் இருக்கிறது. அந்த அதிர்வு போதாதா?

போதாது. அவற்றின் அதிர்வு ஒழுங்கற்றது, அளவும் வேறு. நாற்காலியில் உடல் எடையை எலும்பு சுமப்பதே இல்லை. எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்து போவது எலும்புக்கு அதைவிட நல்லது.

மாத்திரைக்குப் பதிலாக அதிர்வை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அலென்ட்ரோனேட் போன்ற மருந்துகள், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களிடம் மறுபடியும் முதுகெலும்பு முறிவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கின்றன. எந்த அதிர்வுக் கருவியும் அத்தகைய சான்றைக் காட்டியதில்லை. வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில் ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தொல்லையாக இருக்கிறது. காலை காப்பி தள்ளிப்போகிறதே என்று மாத்திரையை விட்டவர்களையும் நான் அறிவேன். தொல்லையாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் மருந்தும் உண்டு.

எலும்புப்புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அடுத்த ஊசியைத் தானாக நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கும் ஆபத்து உண்டு.

என் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கென்றே உருவாக்கப்பட்ட எளிய கணக்கு ஒன்று இங்கு வழக்கில் உள்ளது. வயதிலிருந்து கிலோகிராமில் உள்ள எடையைக் கழியுங்கள். விடை 20க்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். 0 முதல் 20 வரை நடுத்தரம். 0க்குக் கீழே குறைவு. 68 வயது, 44 கிலோ எடையுள்ள பாட்டிக்கு விடை 24. அவர் தாமதிக்காமல், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லலாம். இது நோயறியும் சோதனை அன்று, யாரை முதலில் சோதிப்பது என்று காட்டும் கணக்கு மட்டுமே. எடை கூடியவர், முன்பு முறிவு கண்டிருந்தாலோ பல காலம் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தாலோ, விடையைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.

டெக்ஸா ஸ்கேனின் டி-ஸ்கோர் (உங்கள் எலும்பு அடர்த்தியை இளம் வயதினருடையதோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு. பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேளுங்கள். எலும்புப்புரைக்கான வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்த வழி உண்டு.

உணவும் வெயிலும் போதுமா?

அவை அடித்தளம், அவை மட்டும் போதா. 51 வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு குவளைப் பால் சுமார் 300 மில்லிகிராம் தரும். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி, தவ்கூவா (கெட்டியான சோயாக்கட்டி) ஆகியவை நமக்கு எளிதில் கிடைப்பவை. வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்கிறார்கள். நம் கருநிறத் தோலுக்குக் கூடுதல் வெயில் வேண்டும். நாமோ குளிர்சாதன அறையிலும் கூரையிட்ட நடைபாதையிலும் வாழ்கிறோம். குறையத்தான் செய்யும்.

பலகை வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது?

சுமையோடு கூடிய பயிற்சி. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், பயிற்றுநரின் மேற்பார்வையில் வாரம் இரு முறை, அரை மணி நேரம், கனமான பளு தூக்கும் பயிற்சியும் குதிக்கும் பயிற்சியும் செய்தவர்களின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி எட்டு மாதத்தில் சுமார் 2.9 விழுக்காடு கூடியது. இதை வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது. முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு வேறு பயிற்சி. தொடக்கத்துக்கு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் போதும். தோசை வேகும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் அத்தை ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார்; மூன்று விநாடியில் தொடங்கியவர் இப்போது இருபது விநாடி நிற்கிறார்.

பலகையை ஏற்கெனவே வாங்கிவிட்டோம், மருத்துவரும் சரி என்றார். எப்படி நிற்பது?

தடித்த அடிப்பாகமுள்ள காலணி வேண்டாம். வெறுங்காலோடு, நிமிர்ந்து நில்லுங்கள். மெல்லதிர்வில் நிமிர்ந்து நிற்பவரின் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் ஏறத்தாழ 80 விழுக்காடு அதிர்வு சென்று சேர்கிறது. தளர்ந்து நின்றால் 60, முழங்காலை 20 பாகை மடித்தால் 30 என்று அது குறைந்துவிடுகிறது. வலுவான இயந்திரங்களில் முழங்காலை மடிக்கச் சொல்வது தலைக்கு அதிர்வு ஏறாமல் தடுப்பதற்காக. நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்கு உங்கள் இயந்திரம் உலுக்கினால் அது மெல்லதிர்வு இயந்திரமே அன்று.

பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோ கனமான மேசையோ அருகில் இருக்கட்டும். முதல் வாரம் வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். இறங்கும்போது இயந்திரம் முழுமையாக நின்ற பிறகே காலை எடுத்து வையுங்கள். என் அனுபவத்தில் தடுமாற்றம் பெரும்பாலும் இறங்கும் அந்தக் கணத்தில்தான் நேர்கிறது. தலைசுற்றல், பார்வை மங்கல், புதிய முதுகுவலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.